தீயை விட்டுக் கிளம்பிய 'குவென்ச்'

ஏதாவது ஒரு கிடங்கில் தீப்பிடித்தால் மறுநாள் ஆங்கில நாளிதழ்களில் 'டவுஸ்' என்ற வினைச்சொல் வந்துவிடும். அதே கிடங்கின் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு உருளைக்குப் பெயர் 'எக்ஸ்டிங்குவிஷர்'. இவை இரண்டுக்கும் மூத்த சொல் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு: 'குவென்ச்'. எந்த அகராதியிலும் அதற்குத் 'தீயை அணைத்தல்' என்ற பொருளைத் தவறாமல் போட்டிருப்பார்கள். ஆனால் தீ விபத்துச் செய்திகளில் தேடினால் அபூர்வமாகத்தான் அகப்படும். குளிர்பான விளம்பரத்தில் இருக்கும். எஃகு ஆலையில் இருக்கும். எம்.ஆர்.ஐ. அறைச் சுவரில், மூடி போட்ட ஒரு பொத்தானுக்கு மேல் எழுதியிருக்கும்.

ஆக, தீயை அணைக்கவே பிறந்த சொல் தீயைத் தவிர மற்ற இடங்களில்தான் அதிகம் வேலை பார்க்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. இரும்புப் பட்டறையில் 'குவென்ச்' என்றால் சூடான பொருள் சட்டென்று குளிர்வது. மின்காந்தத்தில் 'குவென்ச்' என்றால் கடுங்குளிரில் இருந்த பொருள் சட்டென்று சூடாவது. ஒரே சொல் நேரெதிரான இரண்டு நிகழ்ச்சிகளுக்கு எப்படிப் பெயரானது? அதற்கான விடை அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது என்பது என் கணிப்பு.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னால் அங்கே பேசிய மொழியைப் 'பழைய ஆங்கிலம்' என்பார்கள். அதில் 'க்வின்கன்' என்று ஒரு வினை இருந்தது. அணைந்துபோவது, மறைந்துபோவது என்று பொருள். விளக்கு தானாக அணைந்தால் அந்தச் சொல். யாராவது அணைத்தால் 'க்வென்ச்சன்'. தன்வினை, பிறவினை படித்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அடங்கு – அடக்கு, திரும்பு – திருப்பு, அணைந்தது – அணைத்தான் என்று நாம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த ஏற்பாட்டின் எச்சங்கள்தான் மிச்சம். 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் வீழ்த்து. மரம் வெட்டுகிறவர்களிடம் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. 'டிரிங்க்' என்றால் குடி, 'டிரென்ச்' என்றால் குடிக்க வை.

கடைசி ஜோடியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மழையில் தொப்பலாக நனைந்தவரை 'டிரென்ச்ட்' என்கிறோமே, அது பின்னால் வந்த பொருள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாயைத் திறந்து மருந்து புகட்டுவதைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் 'டிரென்ச்சிங்' என்கிறார்கள். பழைய பொருள் அங்கே பத்திரமாக இருக்கிறது. டிரிங்குக்கு டிரென்ச் எப்படியோ, க்வின்கனுக்குக் குவென்ச் அப்படி.

சரி, 'க' எப்படி 'ச' ஆனது? பிறவினை ஆக்குவதற்குச் சேர்த்த விகுதியில் ஒரு 'ய்' ஒலி இருந்தது. அது தனக்கு முன்னால் இருந்த உயிரெழுத்தை 'எ' பக்கம் இழுத்தது, 'க்' ஒலியை 'ச்' ஆக்கியது, அப்புறம் தானே காணாமல் போனது. நம் பக்கத்து மொழிகளிலும் இதற்கு இணையான மாற்றம் உண்டு: கன்னடத்தில் காதுக்குக் 'கிவி', தமிழில் 'செவி'. இ, எ போன்ற ஒலிகளின் பக்கத்தில் 'க' இருந்தால் அது 'ச' பக்கம் சாய்வது பல மொழிகளில் நடக்கும் சங்கதிதான். இன்று 'குவென்ச்' என்று எழுதும்போது முதலில் வரும் 'க்யூ' எழுத்து நார்மன் எழுத்தர்களின் கைவரிசை. 'குவீன்', 'குயிக்' ஆகியவற்றின் எழுத்தும் அப்போது மாறியதுதான்.

இந்த ஜோடியில் தன்வினை வழக்கொழிந்துவிட்டது. பிறவினை மட்டும் தங்கியது. அதன் கருப்பொருள் இவ்வளவுதான்: இருந்துகொண்டிருக்கும் ஒன்றை இல்லாமல் போகச் செய். தண்ணீர், குளிர் எதுவும் அந்தச் சொல்லுக்குள் முதலில் இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காந்தத்திடம் போகும்போது தேவைப்படும்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லை வேலை செய்யும் நிலையிலேயே பார்க்கலாம். எண்ணெய் கொண்டுவராத ஐந்து கன்னிகைகள் 'எங்கள் விளக்குகள் அணைந்துபோகின்றன' என்று புலம்பும் இடம். லத்தீன் மூலத்தில் இருந்த வினை 'எக்ஸ்டிங்குவுந்தூர்'. மொழிபெயர்த்தவர் அதற்கு எதிரே போட்டது குவென்ச்சின் பழைய வடிவம். பின்னாளில் ஆங்கிலத்துக்குள் வந்து போட்டி போடப்போகிற லத்தீன் சொல்லும் உள்ளூர்ச் சொல்லும் ஒரே வரியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். 1611இன் ஜேம்ஸ் அரசர் பைபிளிலும் குவென்ச் தாராளமாக வருகிறது. தமிழ் வேதாகமத்தில் 'ஆவியை அவித்துப்போடாதிருங்கள்' என்றும், 'திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது' என்றும் நாம் படிக்கும் இரண்டு இடத்திலும் அங்கே குவென்ச்தான். நல்ல பொருத்தம், 'அவி' என்பதும் தன்வினை, பிறவினை இரண்டாகவும் நிற்கும் சொல், விளக்குக்கும் ஆசைக்கும் ஒருசேரப் பொருந்தும் சொல்.

தாகம் வந்து சேர்ந்தது இடைக்காலத்தில். தீயைத் தண்ணீர் அணைக்கிறது, தொண்டை எரிச்சலையும் தண்ணீர் அணைக்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இங்கிருந்துதான் குளிர்ச்சி என்ற சாயல் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கிறது. நம் வீடுகளிலும் சாமி விளக்கை 'அணை' என்று சொல்ல மனம் வராமல் 'குளிர வை' என்பார்கள். அமங்கலத்துக்குப் பயந்து சொல்வது என்றாலும் இயற்பியல்படி தவறில்லாத சொல். எரிவதற்குத் தேவையான சூடு போய்விட்டால் தீ நிற்காது. தண்ணீர் தீயை அணைப்பதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியாவதற்குள் ஏறத்தாழ 2,600 கிலோஜூல் வெப்பத்தைத் தீயிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

இவ்வளவு பொருத்தமான சொல் தீயிடமிருந்து ஏன் விலகியது? இரண்டு பக்கமும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மேலிருந்து வந்தது 'எக்ஸ்டிங்குவிஷ்'. 16ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து சொற்களை அள்ளி அள்ளி எடுத்த காலத்தில் வந்த சரக்கு. 'எக்ஸ்டிங்க்ட்' என்ற சொல்லும் இதே வேர்தான். முதலில் அணைந்த நெருப்புக்குச் சொன்னது, பிறகு அவிந்த எரிமலைக்கும் அழிந்துபோன உயிரினத்துக்கும் போனது. படித்தவர்கள் கொண்டுவந்த சொல் என்பதால் அரசாங்கம், சட்டம், கருவி எல்லாம் அதன் பக்கம் போயின. 1818இல் ஜார்ஜ் வில்லியம் மேன்பி என்ற ஆங்கிலேயர், செம்புப் பாத்திரத்தில் பொட்டாசியம் கார்பனேட் கரைசலை அழுத்தக் காற்றோடு அடைத்து, கையில் தூக்கிப் போகும் தீயணைப்புக் கருவியைச் செய்தார். அந்த வகைக் கருவிக்கு எக்ஸ்டிங்குவிஷர் என்றே பெயர் நிலைத்தது. அதற்கு முன்னால் அந்தப் பெயர் மெழுகுவத்தி மேல் கவிழ்க்கும் சின்னக் கூம்புக்கு இருந்தது. லண்டனில் சில பழைய வீடுகளின் வாசலில் இரும்புக் கூம்பு ஒன்று இன்னும் தொங்கும். இரவில் வண்டிக்கு முன்னால் தீவட்டி பிடித்து வருகிறவர்கள் அதில் செருகி அணைத்தார்கள்.

சட்டத்தில் இது என்ன செய்கிறது என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே உண்டு. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், பிரிவு 27. உங்கள் நிலத்தை இன்னொருவர் எதிரிடையாக அனுபவித்துவர, 12 ஆண்டுக்குள் நீங்கள் வழக்குப் போடாமல் விட்டால், அந்த நிலத்தின் மீதான உங்கள் உரிமை 'எக்ஸ்டிங்குவிஷ்' ஆகிறது என்கிறது சட்டம். வழக்குப் போடும் வாய்ப்பு மட்டும் போகவில்லை, உரிமையே போய்விட்டது என்பதைச் சொல்ல இதைவிடக் கறாரான சொல் கிடைக்காது. குவென்ச்சை அங்கே போட்டால் ஏதோ உரிமைக்குத் தாகம் தீர்ந்த மாதிரி ஆகிவிடும்.

கீழிருந்து வந்தது 'டவுஸ்'. இதன் பூர்வீகம் உறுதியாகத் தெரியவில்லை என்றே அகராதிக்காரர்களும் எழுதுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் அடித்தல் என்ற பொருளில் வருகிறது. பிறகு கப்பலில் பாயைச் சட்டென்று இறக்குவது டவுஸ். தண்ணீரில் முக்கி எடுப்பதும் டவுஸ். 1785இல் பிரான்சிஸ் க்ரோஸ் லண்டனில் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் 'டவுஸ் த க்ளிம்' என்று ஒரு தொடர் இருக்கிறது: மெழுகுவத்தியை அணை. 'க்ளிம்' என்பது வீடு புகுந்து திருடுகிறவர்களின் பேச்சில் விளக்குக்குப் பெயர். மாலுமிகளும் திருடர்களும் புழங்கிய சொல் இன்று நாளிதழ்த் தலைப்புகளின் செல்லப்பிள்ளை. ஆங்கிலத்தில் எக்ஸ்டிங்குவிஷுக்குப் பத்து எழுத்து, டவுஸுக்கு ஐந்தே ஐந்து. தலைப்பு போடுகிறவருக்கு இந்தக் காரணமே போதும். ஒரே ஒரு தொந்தரவு. தீயை அணைப்பதும் டவுஸ், பெட்ரோலை ஊற்றிக்கொள்வதும் டவுஸ். தண்ணீரோ எண்ணெயோ, நனைத்தால் போதும் அந்தச் சொல்லுக்கு. ஒரே செய்தியில் முதல் பத்தியில் ஒருவர் பெட்ரோலால் டவுஸ் செய்துகொள்வதும் மூன்றாம் பத்தியில் அக்கம்பக்கத்தார் தீயை டவுஸ் செய்வதும் ஆங்கில நாளிதழ்களில் சர்வசாதாரணம்.

ஆக அலுவலகமும் சட்டமும் ஒன்றை எடுத்துக்கொண்டன, தெருவும் பத்திரிகையும் இன்னொன்றை எடுத்துக்கொண்டன. குவென்ச்சுக்குப் பைபிளும் தாகமும் மிஞ்சின. அப்புறம் கொல்லன் பட்டறை.

பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் முதலில் அணைவது அதன் சிவப்பு. அந்த வகையில் பட்டறைக்காரர் குவென்ச் என்று சொல்வதில் விளக்கை அணைக்கும் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. நம் பட்டறைகளில் இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அரிவாளுக்குத் தோய்ச்சல் சரியில்லை என்றால் அது இரண்டு நாளில் மழுங்கும், இல்லாவிட்டால் வாய் உடையும். புறநானூற்றின் 21ஆம் பாட்டில், எதிரி கையில் சிக்கிய கோட்டையை மீட்க முடியாது என்பதற்கு ஐயூர் மூலங்கிழார் சொல்லும் உவமை 'இரும்பு உண் நீர்'. கரிய கையுடைய கொல்லன் செந்தீயில் காய்ச்சிய இரும்பு குடித்த தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியுமா? இரும்புக்குத் தாகம் எடுத்துக் குடித்துவிட்டது என்று ஒரு புலவர் பார்த்த அதே காரியத்துக்கு, தாகத்தை அணைக்கும் சொல்லையே ஆங்கிலக் கொல்லர்களும் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். எஃகு என்பது இரும்பில் கொஞ்சம் கார்பன். 800 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறும்போது இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அதற்குள் கரைந்துகொள்கிறது. அந்தச் சூடு வந்துவிட்டதா என்று பார்க்கச் சில பட்டறைகளில் ஒரு காந்தத்தை நீட்டிப் பார்ப்பார்கள். 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் பிரிந்து தனியாகப் படியும், எஃகு மெத்தென்று இருக்கும். சட்டென்று தண்ணீரில் இறக்கினால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைக்காது. அப்படியே சிக்கிக்கொண்டு அடுக்கையே நெரித்துவிடும். அந்த இறுகிய வடிவத்துக்கு 'மார்ட்டன்சைட்' என்று பெயர், ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டன்ஸ் நினைவாக.

இறக்குவதிலும் கைப்பழக்கம் இருக்கிறது. தண்ணீரில் பட்டதும் கத்தியைச் சுற்றி நீராவி ஒரு மெல்லிய உறை மாதிரி சூழ்ந்துகொள்ளும். அந்த உறை இருக்கும்வரை தண்ணீர் உலோகத்தைத் தொடாது, குளிர்ச்சி மட்டுப்படும். அதனால்தான் கத்தியை அப்படியே விடாமல் முன்னும் பின்னும் அசைப்பது, தண்ணீரில் உப்பைக் கரைப்பது எல்லாம். குளிர்ச்சி ரொம்பவும் வேகமானால் 'டிக்' என்ற சத்தத்தோடு விரிசல் விடும். அப்படிப்பட்ட எஃகுக்கு எண்ணெய்தான். எடுத்த பிறகு விளிம்பில் அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அரம் கடித்தால் தோய்ச்சல் பிடிக்கவில்லை. கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் பிடித்துவிட்டது. அந்த நிலையில் கத்தி கடினம்தான், ஆனால் கீழே போட்டால் உடையக்கூடிய கடினம். அதனால் திரும்ப 200, 300 டிகிரிக்கு இளஞ்சூடு காட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவார்கள்.

எஃகுக்குப் போன சொல் அங்கிருந்து பெரிய ஆலைகளுக்குப் போவது சுலபம். நிலக்கரியைச் சுட்டெடுக்கும் கோக் அடுப்பிலிருந்து ஏறத்தாழ 1,000 டிகிரியில் வெளியே தள்ளும் கரியைக் காற்றில் விட்டால் எரிந்துபோகும். அதை ஒரு கோபுரத்துக்கு அடியில் நிறுத்தித் தண்ணீரைக் கொட்டுவார்கள். இரும்பு ஆலைகளின் மேல் திடீர் திடீரென்று கிளம்பும் வெள்ளை மேகம் அதுதான். அந்தக் கோபுரத்துக்கு 'குவென்ச்சிங் டவர்' என்று பெயர்.

இதுவரை எல்லாம் சூட்டை இறக்கும் சமாச்சாரம். ஆய்வகத்துக்குள் போனதும் குவென்ச் சூட்டைக் கைவிடுகிறது. டானிக் வாட்டர் என்று கடையில் விற்கும் பானத்தில் கொயினா இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். அதில் சமையல் உப்பைக் கரைத்துப் பாருங்கள், ஒளி மங்கிவிடும். வெப்பநிலை மாறியதால் நடந்தது அல்ல இது. உப்பில் உள்ள குளோரைடு, கொயினா வாங்கிய ஆற்றலை ஒளியாக விடுவதற்குள் வேறு வழியில் கழித்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கவனித்த விஷயம் இது. வேதியியலில் இதற்கும் குவென்ச்சிங் என்றே பெயர். விளக்கை அணைப்பது என்ற முதல் பொருளுக்கு இது எஃகைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. வானியலிலும் உண்டு: புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுபோன விண்மீன் மண்டலங்களைக் 'குவென்ச்ட்' என்று வகைப்படுத்துகிறார்கள்.

இப்போது காந்தம். சில உலோகக் கலவைகளைக் கடுங்குளிரில் வைத்தால் மின்தடையே இல்லாமல் போய்விடும். அந்த நிலையில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைக் கம்பிச் சுருளில் ஓடவிட்டு மிக வலுவான காந்தம் செய்யலாம். எங்காவது ஒரு மிகச் சின்ன இடம் கொஞ்சம் சூடானால் போதும், அங்கே மின்தடை திரும்பிவிடும். தடை வந்தால் அங்கே வெப்பம் பிறக்கும். அந்த வெப்பம் பக்கத்து இடத்தைக் கெடுக்கும். சில விநாடிகளில் சுருள் முழுக்கப் பரவி, காந்தத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் அத்தனையும் வெப்பமாக மாறி, குளிர வைத்திருந்த திரவ ஹீலியம் கொதித்துக் கிளம்பும். பார்த்தால் தீ பரவுவதற்குத்தான் ஒப்பாகத் தெரிகிறது. ஆனால் பெயர் குவென்ச். ஏனென்றால் அங்கே அணைந்துபோனது தடையில்லா நிலை. இருந்துகொண்டிருந்த ஒன்று இல்லாமல் போனது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கருப்பொருள் இதுதான். நடுவில் ஒட்டிக்கொண்ட குளிர்ச்சியை உதறிவிட்டு வந்திருக்கிறது.

ஜெனிவாவுக்குப் பக்கத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் பெரும் துகள் முடுக்கியில் 2008 செப்டம்பர் 19ஆம் தேதி நடந்தது இதன் பெரிய உதாரணம். முதல் துகள் கற்றையை ஓடவிட்டு ஒன்பதே நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு காந்தங்களுக்கு இடையிலான மின் இணைப்பு ஒன்று பழுதாகி, மின்பொறி பறந்து, ஹீலியம் இருந்த உறை ஓட்டையானது. வரிசையாகக் காந்தங்கள் குவென்ச் ஆகின. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் முடுக்கி இருக்கும் சுரங்கப்பாதைக்குள் கொட்டியது. 53 காந்தங்களை வெளியே எடுத்துப் பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டியிருந்தது. மறுபடி கற்றை ஓடியது 2009 நவம்பரில். மைனஸ் 271 டிகிரியில் வேலை செய்யும் இயந்திரம், சூட்டால் ஓராண்டுக்கு மேல் படுத்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. கருவியில் இருப்பதும் இதே வகைக் காந்தம். அதை வேண்டுமென்றே குவென்ச் செய்யத்தான் சுவரில் அந்தப் பொத்தான். அழுத்தினால் திரவ ஹீலியம் 700 மடங்குக்கும் மேல் விரிந்து வாயுவாகி, ஒரு குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போகும். குழாய் அடைத்திருந்தால் அறையின் ஆக்சிஜனை அது தள்ளிவிடும் ஆபத்து உண்டு. திரும்ப ஹீலியம் நிரப்பிக் காந்தத்தை எழுப்புவது பெரிய செலவு. அதனால் விளையாட்டாக யாரும் தொடுவதில்லை. ஆனால் தொட வேண்டிய நேரம் வரும். 2014இல் மும்பைப் பகுதியில் ஒரு மருத்துவமனையில், உள்ளே கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்துக்கொள்ள, இரண்டு ஊழியர்கள் கருவிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். குவென்ச் பொத்தான் வேலை செய்யவில்லை. காந்தத்தை அடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது.

அந்த அறையில் தீப்பிடித்தாலும் இதே பிரச்சினைதான். படத்தை எடுத்து முடித்த பிறகும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் காந்தம் காந்தமாகவே இருக்கும். இரும்பு உருளையை முதுகில் கட்டிய தீயணைப்பு வீரர் உள்ளே போனால் உருளையோடு சேர்ந்து அவரையும் இழுத்துக்கொள்ளும். அதனால் அங்கே காந்தம் இழுக்காத உலோகத்தில் செய்த தீயணைப்பான்களைத்தான் வைப்பார்கள். அதற்கும் அடங்காத தீ என்றால் முதலில் காந்தத்தைக் குவென்ச் செய்ய வேண்டும், அது முழுக்க அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம், அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் குழாயோடு ஆட்கள் உள்ளே போக முடியும்.